நாற்பத்தோராவது புத்தகம்: செம்மஞ்சள் குடை

2013 செப்டெம்பர் 8, ஞாயிறு

காலை ஆறரையிலிருந்து கோயில் ஒலிபெருக்கி. மச்சான் தனஞ்சயன் தன் பாமாலையைத் தானே பாடுகிறான். அம்மனுக்குக் காது மந்தம் என்று யாரோ அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பதினைந்து வருடமாக அவனோடு எனக்குக் கதை பேச்சு இல்லை. பாமாலைக்கு என்னிடம் முன்னுரை கேட்டு வாங்கிவிட்டு, அது இல்லாமலே அச்சடித்தவன். அந்தப் புத்தகத்தை என் கையால் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். மனைவி தவமலர்தான் விடுவதில்லை. அண்ணன் பாசம். பின்னேரம் விளக்கேற்றிவிட்டு, சாமிப் படத்துக்குக் கீழே அதை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருக்கிறாள். தேத்தண்ணி கேட்டாலும் காதில் விழாது.

நிறப் பட்டியலைச் சுத்தப் பிரதி எடுத்து முடித்தேன். ‘துப்பறியும் கதைத் தலைப்புகளில் நிறங்கள்’. மொத்தம் நாற்பத்தொரு புத்தகம். முப்பத்தைந்து வருடம் தபாலதிபராக ஊர் ஊராக மாற்றலாகி, போன இடமெல்லாம் பழைய புத்தகக் கடை தேடிச் சேர்த்தவை. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் இதை நூலகம் அச்சடிக்கப் போகிறதாம், புத்தகங்களைக் கண்ணாடி அலுமாரியில் வைக்கப் போகிறதாம். புது நூலகர் நளீரின் யோசனை. புத்தளத்திலிருந்து உடப்புக்குப் பஸ்ஸில் வந்து போகிறவன். என் முப்பத்தைந்து வருட உழைப்பு, அவனுடைய யோசனை!

செப்டெம்பர் 11, புதன்

முன்னுரை எழுதினேன். சிவப்பு, சோம்பேறி எழுத்தாளனின் நிறம். பட்டியலில் ஒன்பது இருக்கிறது, ஒன்பதிலும் இரத்தத்தைத் தவிர வேறு சங்கதி இல்லை. நீலம் என்றால் அநேகமாக ஒரு கடதாசி: ‘நீலப் பற்றுச்சீட்டு’, ‘நீல விலாசம்’. பச்சை என்றால் நஞ்சு. வெள்ளை என்றால் கதையில் ஒரு பெண் பொய் சொல்கிறாள். கறுப்பை மதிக்கிறேன். ‘கறுப்புச் சவர்க்காரம்’ என்று தலைப்பு வைக்க நெஞ்சுரம் வேண்டும்.

கருநீலத்தை எல்லோரும் நீலத்தோடு சேர்ப்பார்கள். பிழை. ‘கருநீல மேலங்கி’யில் சாட்சி இருட்டில் பார்க்கிறான், இருட்டில் கருநீலம் கறுப்புத்தான். ஆகவே அது கறுப்பின் பக்கத்தில் நிற்க வேண்டியது. இதை இந்தக் கரையில் என்னைத் தவிர ஒருவனும் யோசித்ததில்லை.

செம்மஞ்சள் ஒன்றே ஒன்று. ‘செம்மஞ்சள் குடை’, இலக்கம் 41. இன்னொரு பிரதியை நான் எங்கும் கண்டதில்லை. அதில்லாவிட்டால் இது பட்டியலே அல்ல, வெறும் புத்தகக் குவியல்.

செப்டெம்பர் 15, ஞாயிறு

நளீர் வீட்டுக்கு வந்தான். தோளில் பெரிய துணிப்பை. அலுமாரியைத் திறந்து காட்டினேன். உப்புக் காற்றுக்கும் வெள்ளிப் பூச்சிக்கும் பயந்து எல்லாப் புத்தகத்துக்கும் கபில நிறக் கடதாசி உறை போட்டு, முதுகில் இலக்கம் எழுதி, இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினான். நடிப்பு.

பட்டியலின் கடைசி வரிக்கு வந்ததும் முகம் மாறிற்று. “செம்மஞ்சள் குடை! இது இரிக்கா ஐயா?”

இருக்கிறது என்றேன்.

“மன்னார்ல நாங்க இருந்த நேரம் வாசிச்சிட்டிருந்த புத்தகம் ஐயா இது. தொண்ணூறாம் ஆண்டு இயக்கத்துக்காரங்க முஸ்லிம் ஆக்கள் எங்கள எல்லாம் ஊர விட்டுப் போகச் சொன்னாங்களே, அண்டைக்கு. கதிரையில கவுத்து வெச்சிட்டு வள்ளத்துல ஏறினேன். இன்னும் ஒரு முப்பது பக்கம்தான். இருவத்திமூணு வருஷமாச்சி, கொலைகாரன் யாரெண்டு எனக்குத் தெரியாது.”

சொல்லுங்கள் ஐயா என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. வாசிக்கத் தருவீங்களா என்றான். கண்காட்சி முடியட்டும் பார்ப்போம் என்றேன். அவன் முகம் வாடியதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. எழுதி வைக்கிறேன், இது என் டயரி.

நாற்பது புத்தகத்தை எடுத்தாயிற்று. அதற்குள் தவமலர் கூப்பிட்டாள், குசினிக்குப் போய்த் தேத்தண்ணித் தட்டை வாங்கி வந்தேன். பத்து நிமிடம் இருக்கும். அவன் கையெழுத்து வைத்து நாற்பதையும் கட்டிக்கொண்டு போனான். 41ஐ நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பிறகு அலுமாரியின் பின்வரிசையைப் பார்த்தேன். 41 இல்லை.

செப்டெம்பர் 16, திங்கள்

இல்லை. கட்டிலுக்குக் கீழே, மேசை லாச்சி, பழைய பத்திரிகைக் கட்டு, ஒன்றிலும் இல்லை. பதிவேட்டில் இருக்கிறது: 2001இல் என் கையால் எழுதியது, ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் சரி அடையாளம் போட்டிருக்கிறேன். பதிவேட்டில் இருந்தால் பொருள் இருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் அப்படித்தான் வேலை செய்தேன்.

கடைசியாக அதைக் கண்ணால் பார்த்தது எப்போது? போன கிழமை. போன கிழமைதானே?

செப்டெம்பர் 17, செவ்வாய்

நாற்பத்தொரு துப்பறியும் கதை வாசித்தவனுக்கு இது ஒரு வேலையா? காரணம்: வாயாலேயே சொன்னான், இருபத்துமூன்று வருட ஆசை. சந்தர்ப்பம்: பத்து நிமிடம், அறையில் தனியாக. கருவி: துணிப்பை. அதற்கு மேல், கையெழுத்து வைத்த தாளில் நாற்பது என்று இலக்கத்திலும் எழுத்திலும் எழுதியிருக்கிறான். நேர்மையான மனிதன் ஏன் இரண்டு முறை எழுத வேண்டும்?

செப்டெம்பர் 18, புதன்

கள்ளன்.

செப்டெம்பர் 25, புதன்

நூலகத்துக்குப் போனேன். கண்ணாடி அலுமாரி தயார். நிறம் நிறமாக அடுக்கியிருக்கிறான், ஒவ்வொன்றுக்கும் சிறிய அட்டையில் விளக்கம், நல்ல கையெழுத்து. ‘கருநீல மேலங்கி’ நீலத்தில் நிற்கிறது! என் முன்னுரையை வாசித்தவன்தானே? கேட்டேன். “ஆக்கள் தேடுறதுக்கு லேசா இரிக்கட்டுமெண்டு ஐயா” என்கிறான். ஆக்களாம். உடப்பில் யார் கருநீலம் தேடி வரப் போகிறார்கள்?

கடைசித் தட்டில் ஓர் இடம் வெறுமை. அதற்கும் அட்டை எழுதி வைத்திருக்கிறான்: ‘செம்மஞ்சள் குடை. உரிமையாளர் விரைவில் தருவார்.’

“நாப்பத்தொண்டக் கொண்டாந்தீங்களா ஐயா?” என்று முகத்துக்கு நேரே கேட்டான். எவ்வளவு திமிர் இருக்க வேண்டும்! கதைகளிலும் அப்படித்தான், எடுத்தவன்தான் முதலில் விசாரிப்பான். தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒக்டோபர் 2, புதன்

திறப்பு விழா. விளக்கேற்றக் கூப்பிட்டது யாரை? தனஞ்சயனை! கோயில் சபைக்காரனாம். நிறத்துக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம், நெற்றியில் பூசுகிற சாம்பலைத் தவிர? நளீர் அரை மணித்தியாலம் பேசினான். என் பெயரை நாலு தரம் சொன்னான், ‘எங்கள் அம்பலவாணர் ஐயா’ என்று. கைதட்டல் எல்லாம் அவனுக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வெறும் இடத்தைத்தான் விரலால் காட்டிக் காட்டிக் கதைத்தார்கள்.

எங்கட வீட்டுக்குள்ள வந்து, எங்கட தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, எங்கட பொருளைத் தூக்கிக்கொண்டு போனவனுக்குக் கைதட்டல். பார்த்துக்கொண்டு இருக்கிறதுக்கு நான் என்ன மரமா?

ஒக்டோபர் 4, வெள்ளி

எழுதிவிட்டேன். நூலகத்தை நடத்துகிற பிரதேச சபையின் செயலாளருக்கு, பெயரில்லாமல். இடக்கையால் எழுதினேன், ஒரு பக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. நூலகர் தனியாரிடம் வாங்கும் அரிய நூல்களைத் தனதாக்கிக்கொள்கிறார், ‘செம்மஞ்சள் குடை’ அதற்கு உதாரணம், பலர் முறையிடப் பயப்படுகிறார்கள் என்று. பலர் என்று போட்டது கொஞ்சம் அதிகம்தான். கடைசியில் அவனுடைய திறமையீனத்தைக் காட்ட இரண்டு வரி சேர்த்தேன்.

உடப்பு முத்திரை விழக்கூடாது என்று சிலாபத்துக்குப் போய்த் தபாலில் போட்டேன். தபாலதிபருக்கா சொல்லித் தர வேண்டும்? திரும்பி வந்ததும் தவமலர் பையைப் பார்த்தாள்.

“சிலாபத்துக்கு என்னத்துக்குப் போனீங்க?”

“மீன் வாங்க.”

“உடப்பில இருந்து சிலாபத்துக்கு மீன் வாங்கவா?”

பையை அவள் கையில் கொடுத்தேன். மீனும் அவ்வளவு நல்லதாக இல்லை.

ஒக்டோபர் 16, புதன்

ஹஜ்ஜுப் பெருநாள். நளீர் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்திருக்கிறது. அவன் மனைவி றுக்கியாதான் தவமலருக்குச் சட்டை தைக்கிறவள். இரண்டு பேரும் நல்ல ஒட்டு. எனக்கு வேண்டாம் என்றேன். தவமலர் என் முன்னாலேயே இருந்து வழித்து வழித்துச் சாப்பிட்டாள். அவள் கிணற்றடிக்குப் போன நேரம் கொஞ்சம் எடுத்தேன். ஏலக்காய் கூடிப்போயிற்று.

ஒக்டோபர் 21, திங்கள்

நூலகத்துக் கதவில் பூட்டு. சபையிலிருந்து வந்து புத்தகங்களை எண்ணி இருப்பெடுத்தார்களாம். விசாரணை முடியும் வரை நளீர் வேலைக்கு வரக்கூடாதாம். விசாரணை நவம்பர் ஆறாம் திகதி. குற்றம் உறுதியானால் வேலை போகும் என்று பத்திரிகை வாசிக்க வந்த இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நின்றார்கள். மூன்று பெண் பிள்ளைகளாம் அவனுக்கு. எனக்கு அது தெரியாது.

நீதி நடக்கிறது. நடக்கட்டும். இன்றைக்கு ஏனோ சோறு இறங்கவில்லை. வெக்கை.

ஒக்டோபர் 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தீபாவளிச் சட்டை வாங்கிவரத் தவமலர் காலையில் புத்தளத்துக்குப் போனாள். பின்னேரம் நாலு மணிக்கு வந்தாள். கையில் சட்டை இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சாமிப் படத்தடிக்குப் போனாள். நாற்பது வருடத்தில் அப்படி ஒரு நாளும் செய்தவள் அல்ல. தனஞ்சயனின் பாமாலையை எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் போட்டாள்.

“றுக்கியா மெசினுக்கு முன்னால இருந்து அழுவுறா. யாரோ மொட்டப் பெட்டிசம் போட்டிருக்காம், செம்மஞ்சள் குடை எண்டு ஒரு புத்தகத்த அவ புருஷன் களவெடுத்த எண்டு. விரிச்சிப் பாருங்க.”

“உன் அண்ணன்ட புத்தகத்த நான் தொட மாட்டன்.”

“தொடுங்க.”

தொட்டேன். அட்டைதான் பாமாலை. உள்ளே என் குடை. முதல் பக்கத்தில் என் கையொப்பம், இலக்கம் 41.

2008இல் நான் சிலாபம் ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்குப் படுத்திருந்தபோது ஊரில் சுற்றிவளைப்பு நடந்தது. எனக்கு அது தெரியும். புத்தகத்துக்கு என்ன நடந்தது என்றுதான் தெரியாது.

“ஆமி வீடு வீடா வருது எண்டாங்க. நீங்க வாசிச்ச புத்தகம் மேசையிலயே கெடந்திச்சி. அட்டையில துவக்கு. சிவப்பும் மஞ்சளும், இயக்கத்துக் கொடி மாதிரி. தமிழ் தெரியாதவன் அதப் பாத்து என்ன நெனப்பான்? உறைய உரிச்சி, அட்டையக் கிழிச்சி அடுப்பில வெச்சன். அண்ணன்ட புத்தகத்துப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த அட்டைய எடுத்து இதுக்குத் தச்சன். சாமிப் படத்தடியில இருந்தா ஒருத்தனும் தொட மாட்டான் எண்டு.”

“எனக்கு ஏன் சொல்லயில்ல?”

“நீங்க ஒரு நாளும் கேக்கலயே. அஞ்சு வருஷமாத் தேடல, போன மாசம் தேடின நேரமும் எந்தப் புத்தகமெண்டு சொல்லல.”

அஞ்சு வருஷம். ஒவ்வொரு ஜனவரியும் சரி அடையாளம் போட்டேனே. அலுமாரியைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்தா போட்டேன்? ஓம். பதிவேட்டைப் பார்த்துத்தான் போட்டேன்.

அவள் போகவில்லை. அப்படியே நின்றுகொண்டு, “அந்தப் பெட்டிசத்தப் போட்டது நீங்களா?” என்று கேட்டாள்.

நான் புத்தகத்தை மூடினேன். “சிலாபத்து மீன்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

ஒக்டோபர் 29, செவ்வாய்

பக்கம் 112இல் தேங்காயெண்ணெய்க் கறை. என் அலுமாரியை யாரும் தொடக்கூடாது என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். கறையைக் காட்டிக் கத்தினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: “அந்த இடத்திலதான் குடை செம்மஞ்சளே இல்ல எண்டு வருது. கையில எண்ண இருந்தது நெனவில்ல.”

வாசித்திருக்கிறாள். எத்தனை தரம் என்று கணக்கே இல்லையாம். ஒவ்வொரு பின்னேரமும் விளக்குக்கு முன்னால் அவள் கும்பிட்டது எந்தச் சாமியை?

எனக்கு மறந்துபோயிருந்தது, இன்றைக்குத் திரும்ப வாசித்தேன். கொலை நடந்த அன்று குடை சிவப்பு. பத்து நாள் ஒருவனுடைய வீட்டு முற்றத்தில் வெயிலில் கிடந்து செம்மஞ்சளாக வெளிறியது. வெளிறிய பிறகு கண்டவன்தான் அதைச் செம்மஞ்சள் என்பான். அப்படிப் பொலிசுக்குச் சொன்னவன் யார்? முறைப்பாடு கொடுத்தவன். அவன்தான் கொலைகாரன். நிறத்தைச் சொல்லி அகப்பட்டான்.

ஒக்டோபர் 31, வியாழன்

வழி இருக்கிறது. இன்னொரு கடிதம், பெயரில்லாமல்: முதற் கடிதம் தவறான தகவலின் பேரில் எழுதப்பட்டது, நூலகர் நிரபராதி. புத்தகத்தை நூலக யன்னல் வழியாக உள்ளே போட்டுவிடலாம். எப்படி வந்தது என்று அவர்களே தேடட்டும். பேனையை இடக்கையில் எடுத்தேன்.

தவமலர் வாசலில் நின்று பார்த்தாள். “இதுக்கும் பேர் போட மாட்டீங்களா?”

“உனக்கு இதெல்லாம் விளங்காது.”

“கள்ளன் எண்டு எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு, நான் எண்டு எழுதத் தெரியாதா?”

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டது அவளல்ல, நான்தான். இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை.

நவம்பர் 2, சனி

தீபாவளி. பழைய சட்டை. பலகாரம் இல்லை. புதுச் சட்டையை எடுத்து வர அவளுக்கு முகமில்லையாம். ஒலிபெருக்கியில் தனஞ்சயன். இன்றைக்கு அந்தச் சத்தம்கூட வீட்டில் ஒரு ஆள் கதைப்பது மாதிரி இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

நாளைக்கு விசாரணைக்குப் போகாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. தவமலருக்குத் தெரியும்.

நவம்பர் 6, புதன்

போனேன்.

சபை மண்டபம். விசாரணைக்கு வந்தது ஒரு பெண் அதிகாரி. நளீர் தனியாக ஒரு கதிரையில், வெள்ளைச் சேட்டு, மடியில் அந்தத் துணிப்பை. மெலிந்து போயிருந்தான். ‘ஆர்வமுள்ள வாசகர்கள்’ என்று என்னோடு பின்வரிசையில் ஏழெட்டுப் பேர். அதிகாரி என் கடிதத்தை உரத்து வாசித்தார். நான் எழுதிய வசனங்கள், அந்த மண்டபத்தில், மின்விசிறிச் சத்தத்துக்கு மேலால். ‘அன்றியும் இவர் கருநீலத்தைக் கறுப்போடு வைக்காமல் நீலத்தோடு வைக்கும் அளவுக்கு அறிவீனர்’ என்று முடிந்தது.

நளீர் தலையை நிமிர்த்தியது அந்த வரியில்தான். சிரிக்கவில்லை.

“நீங்கள் ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“இத எழுதினது யாரெண்டு எனக்கு இப்பத் தெரியும் மேடம். கருநீலத்தக் கறுப்போட வைக்கோணுமெண்டு சொல்ற ஆள் இந்த மாவட்டத்துலயே ஒராள்தான்.”

“யார்?”

“அதச் சொல்ல மாட்டேன் மேடம். என்ட கையில அத்தாட்சி இல்ல. அத்தாட்சி இல்லாம ஒராள்ட பேரச் சொல்லப்படாது.”

என்ன மனுசன் இவன்? சொல்லித் துலைச்சிருந்தா நான் மறுத்திருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், அதற்கு எனக்கு வழி தெரியும். சொல்லாமல் விட்டான். அந்த நேரம் அவன் மீது வந்த கோபம் எனக்கு வாழ்நாளில் யார் மீதும் வந்ததில்லை. அந்தக் கோபத்தில்தான் எழும்பினேன் என்று நினைக்கிறேன்.

“நான்தான் எழுதினது. புத்தகம் எங்கட வீட்டிலதான் இருந்தது” என்றேன்.

பாமாலை அட்டையோடு மேசையில் வைத்தேன். அதிகாரி விரித்துப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாக எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். வழக்குப் போட நளீருக்கு உரிமை உண்டு என்று அதிகாரி சொன்னார். வேணாம் மேடம் என்றான்.

வெளியே வாகை மரத்தடியில் போய் அவன் முன்னால் புத்தகத்தை நீட்டினேன். “தம்பி, அந்தக் கடைசி முப்பது பக்கம்…”

அவன் புத்தகத்தைப் பார்த்தானே தவிரக் கை நீட்டவில்லை.

“இருவத்திமூணு வருஷமா எங்கட வீட்டுச் சாமானெல்லாம் யார்ட்ட இரிக்கெண்டு நான் ஒராளயும் கேட்டதில்ல ஐயா” என்றான். பிறகு பஸ்ஸுக்கு நடந்தான்.

நவம்பர் 7, வியாழன்

தனஞ்சயன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறானாம், தன் பாமாலைதான் உண்மையைக் காப்பாற்றியதென்று. அவன் நாக்கு அழுக.

நவம்பர் 21, வியாழன்

நளீர் தானே கேட்டு மாற்றம் வாங்கிக்கொண்டு புத்தளத்துக்குப் போய்விட்டான். நாற்பது புத்தகமும் வீட்டுக்கு வந்தன. லோஜினி என்கிற உதவியாளப் பிள்ளை கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்கும் புது உறை. கிழிந்திருந்த மூன்றும் ஒட்டித் தைக்கப்பட்டிருந்தன. “நளீர் சேர் போகமுதல் செஞ்சது” என்றது பிள்ளை. பட்டியல் அச்சாகவில்லை. அச்சடிக்கிற யோசனை யாருக்கும் இப்போது இல்லை.

அலுமாரியில் அடுக்கினேன். கருநீலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எந்தப் பக்கம் வைத்தாலும் கண்ணில் குத்துகிறது. அதனால் தட்டில் வைக்காமல் மேசையில் போட்டிருக்கிறேன்.

டிசெம்பர் 1, ஞாயிறு

தவமலர் புத்தளத்துக்குப் போய்ச் சட்டையை எடுத்து வந்தாள். போகும்போது 41ஐயும் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள், என்னைக் கேட்காமல். றுக்கியாவின் கையில் கொடுத்தாளாம். “வாசிச்சிட்டுத் தரட்டும்” என்றாள்.

“அவன் வாங்கினானா?”

“ரெண்டு கிழம இரவல் எண்டு பதிஞ்சி வாங்கினார்.”

முப்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. முறைப்பாடு கொடுத்தவன் அகப்படுகிறான். நளீர் இன்றைக்கு வாசிப்பானா, நாளைக்கா? அந்த இடத்துக்கு வரும்போது என்ன நினைப்பான்? என் முகம்தான் வரும். வேறு யார் முகம் வரும்?

டிசெம்பர் 9, திங்கள்

ஒரு தகவலும் இல்லை. தவமலரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.

டிசெம்பர் 14, சனி

பதினொரு மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள். றுக்கியாவின் தம்பி பாறூக், கருவாட்டு வியாபாரம் செய்கிறவர். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வெயிலில் கேற்றடியிலேயே நின்றார். தவமலர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள், அதை மட்டும் வாங்கிக் குடித்தார்.

மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். கபிலக் கடதாசியில் புது உறை, பாமாலை அட்டைக்கு மேலால். முதுகில் ‘செம்மஞ்சள் குடை’ என்று அந்தக் கையெழுத்து. நான் கை நீட்டினேன். அவர் தரவில்லை. சேட்டுப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார்.

அடிமட்டம் வைத்துக் கோடு கீறிய தாள். இரவல் எடுத்த திகதி: டிசெம்பர் 1. தவணை: டிசெம்பர் 15. திருப்பிய திகதி: டிசெம்பர் 14. நூலின் நிலை: ‘மூல அட்டை இல்லை, பக்கம் 112இல் எண்ணெய்க் கறை, முன்பே இருந்தது’. அதற்குக் கீழே, ‘நூலைக் குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி. பிறகு வெறும் இடம்.

“நளீர் என்ன சொன்னார்? வாசித்து முடித்தாரா?” என்று கேட்டேன்.

“அதப்பத்தி ஒண்டும் சொல்லல்ல. சைன் எடுக்காமப் புத்தகத்தக் குடுக்க வேணாமெண்டு மட்டும் சொன்னார்.” பேனையைத் தந்தார். “முழுப் பேரும் போடோணுமாம். விலாசமும்.”

மோட்டார் சைக்கிள் சீற்றில் தாளை வைத்து, வலக்கையால், முழுப் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பாறூக் அதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தந்தார்.